அடித்தல் திருத்தல்

முதலில் நிறங்களை எடுத்தேன், ஸ்டெய்ன்தோர்.
வெள்ளை, கருப்பு, பாசிச் சாம்பல்,
மூன்று கேட்டது தாள்.
இரண்டை அடித்தேன்.
மீன்பிடிக் கப்பலின் சமையலறையில்
எந்த நிறமும் ஒரு வாரத்தில் சாம்பல்தானே.

பிறகு கைகளை வெட்டினேன்.
கை வைத்த ஸ்வெட்டருக்கு
அக்குளில் ஒரு கணக்கு வரும்.
எட்டுக் கண்ணிகளைத் தனி நூலில் தூங்கவிட்டு
மறக்காமல் எழுப்ப வேண்டும்.
அடுப்பில் வைத்த ரொட்டியையே மறக்கிறவன் நீ என்று
உன் மாலுமிகள் கடைக்கு வந்து சொல்லியிருக்கிறார்கள்.

கழுத்தும் போனது.
வட்டமாய்ச் சுற்றுவதை நிறுத்தினேன்.
நூற்றெண்பது கண்ணி நாற்பதானது.
பின்னு. திருப்பு. பின்னு.
நூல் தீரும்வரை இதுவே, என்று
ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்.

ஸ்வெட்டர் கேட்டு வந்தவனுக்கு
ஒரு செவ்வகத்தைக் கொடுத்தனுப்பினேன்.

இசாஃபியோர்துரில், இந்தக் கம்பளிக் கடையில்,
பதினோரு வருடமாய் என் வேலை இதுதான்:
எழுதியவர் இறுக்கியதை
வருகிறவர் விரலுக்குத் தளர்த்துவது.
மோசமாகச் செய்வதாய் யாரும் சொன்னதில்லை.

மூன்று வாரம் கழித்து வந்தாய்.
செவ்வகத்தில் ஈரல் எண்ணெய் வாசம்.
உருளைக்கிழங்குச் சட்டி இறக்கும் பிடிதுணியாம்,
ஒரு மூலை கருகியிருந்தது.
விளிம்பை எண்ணினேன், பழக்கதோஷம்:
நாற்பதில் தொடங்கி நாற்பதில் முடிகிறது,
நடுவே ஒருமுறை முப்பத்தேழுக்கு மெலிந்து
நாற்பத்து நாலுக்கு ஊதி
தானாகவே திரும்பி வந்திருக்கிறது.

'நன்றாக இருக்கிறது' என்றேன்.
'நீ அடித்த இடத்தில் என்ன இருந்தது?' என்றாய்.

பதிலுக்குக் காத்திராமல்
பையிலிருந்து இன்னொன்றை எடுத்தாய்.
என் தாளை விளக்கின் மேல் பிடித்தாயாம்.
என் கோடு மெல்லிசு, அச்சு கருப்பு,
அடித்ததெல்லாம் தெரிந்ததாம்.
திருப்பிப் பின்னவும் வட்ட ஊசியையே விற்றிருந்தேன்,
அது என் தவறு.
இரண்டாவது நிறத்துக்கு
இன்ஜினியரின் காலுறையை அவிழ்த்திருக்கிறாய்.
அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.

ஒரு குழாய்.
உன் இடுப்புக்குச் சிறியது, தலைக்குப் பெரியது.
அதைச் சுற்றிலும் நட்சத்திரங்கள்.
ஒன்றுகூட நேராய் இல்லை,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
வடமேற்குக் காற்றில் பனி விழுவதுபோல்.

கோபம் வந்தது. மறைக்கவில்லை.
பிறகு எண்ணினேன்.
ஆறு கண்ணிக்கு ஒரு நட்சத்திரம்,
தொண்ணூறு கண்ணிக்குப் பதினைந்து.
நீ தொண்ணூற்றொன்று போட்டிருக்கிறாய்.
அந்த ஒன்று
ஒவ்வொரு சுற்றிலும் உன்னை ஓரடி தள்ளியிருக்கிறது.
நீயோ நிற்காமல்
ஆறு ஆறாய் எண்ணிக்கொண்டே போயிருக்கிறாய்,
கப்பல் ஆடியதைக் கணக்கில் சேர்க்காமல்.
கை தவறவே இல்லை.
தொடக்கம் மட்டும்தான்.

அப்போதுதான் கோட்டைக் கழற்றினாய்.
உள்ளே ராக்ன்ஹைதுர் பின்னிய ஸ்வெட்டர்,
மார்பில் இன்னும் அழகு,
இரண்டு முழங்கையிலும் சட்டைத் துணி தெரிந்தது.
'அவளிடம் போய்த் தைத்துத் தா என்று
இனிமேல் கேட்க முடியாது' என்றாய்.

நான் முதலில் வெட்டியது கைகளை.
எதற்காக வேண்டும் என்று கேட்டிருக்கலாம்.

இதோ புதுத் தாள்.
கைகள் திரும்ப வந்துவிட்டன, கையிலிருந்தே ஆரம்பி.
தூங்கும் எட்டுக் கண்ணிக்குச் சிவப்பு நூல் கட்டு,
மாவு பொங்க வைக்கும் கடிகாரத்தை அருகில் வை.
கழுத்து இப்போதைக்கு மொட்டையாய் இருக்கட்டும்.
நட்சத்திரத்துக்கு நேராய் ஒன்று எழுதியிருக்கிறேன்,
பக்கத்தில், கண்ணி ஒன்று கூட்டி, சாய்வாய் ஒன்று.
எது வேண்டுமோ பார்த்துக்கொள்.

இம்முறை எதையும் மையால் அடிக்கவில்லை.
எல்லாம் பென்சில்.
அக்குளுக்கு வந்ததும் கூப்பிடு.
முனை திரும்பிவிட்டால் உனக்கு சிக்னல் இருக்காது,
அதற்குள் கூப்பிடு.